கொதித்த பவளப்பாறை

தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், மகள் கவிதா முதன்முறையாகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டு, பழைய பவளப்பாறைத் துண்டொன்றை வாங்கி வந்தாள். அதில் பொத்தான்களைப் போல ஏதோ பழுப்பாக ஒட்டியிருந்தது. அழுக்கென்று நினைத்து, குளிக்க வெந்நீர் வைக்கும் பானையில் போட்டுக் கொதிக்க வைத்தாள்.

சற்று நேரத்தில் அவள் இருமினாள். எனக்கும் தொண்டை எரிந்தது. கீழே காய்கறித் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்றே சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கம் யார் இருமினாலும் அப்படித்தான் நினைப்போம். ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தினேன்.

இருமல் கூடியது. "மூச்சு விட முடியலம்மா" என்றாள்.

அப்போது வேலை முடிந்து வந்த என் கணவர், கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தினார். கீழே மருந்தடிக்கிறார்கள் என்றேன்.

"கீழ யாரு மருந்தடிக்கிறா? நான் அந்த வழியாத்தானே வர்றேன் லா! அடுப்புல என்னா வேகுது? ரெண்டு பேரும் வெளிய வாங்க!"

பக்கத்து ஊரான தானா ராத்தாவின் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்த பிறகே அவள் தேறினாள். அந்தப் பொத்தான்கள் விஷமுள்ள பவள உயிர்கள் என்றும், கொதித்தால் விஷம் ஆவியில் கலக்கலாம் என்றும் டாக்டர் விளக்கினார். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்தே மறைத்தாரோ என்று இன்னமும் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் வீட்டில் யாராவது இருமினால், முதலில் வெளியே கூட்டிப் போய்விடுகிறேன். யார்மேல் சந்தேகப்படுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.