பின் சீட்டில் படுத்துப் பார்த்தது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கனமூலையில் எங்கள் வளவுக்குள் மாமாவின் பழைய வெள்ளைக் கார் நின்றது. அவர் உம்மாவின் தம்பி. மதுரங்குளியில் கராஜ் வைத்திருந்தார். ட்ரிஃப்ட் என்றால் அவருக்குப் பைத்தியம். வளைவில் காரின் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, டயர் புகைய, பக்கவாட்டில் ஓட்டுகிற விளையாட்டு அது.

அந்தக் காருக்கு இரண்டு செட் ஸ்பிரிங் இருந்தன. காரோடு வந்த செட் மெத்தென்றது. மற்றது ட்ரிஃப்டுக்கென்றே வேறொரு காரிலிருந்து கழற்றி எடுத்த இறுக்கமான செட், குலுக்கலை அடக்கும் அதற்கேற்ற ஷொக்குகளோடு. முந்திய போட்டியில் மெத்தென்ற ஸ்பிரிங்கோடு ஓடியபோது, கார் வளைவில் தொட்டில் மாதிரி ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்த சத்தம் போன் வீடியோவில் அப்படியே பதிந்திருந்தது. அந்தச் சிரிப்பு மாமாவைவிட என்னைத்தான் அதிகம் சுட்டது. அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து, இறுக்கமான செட்டைப் பூட்டினார். எப்போதோ கழற்றிப் போட்டிருந்த பின் சீட்டையும் திரும்பப் பூட்டினார். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

"படுத்துக்கோ மகள். எங்க நோகுது என்டு மட்டும் சொல்லு."

மதுரங்குளிக்குப் போகும் கிரவல் பாதையில், ஒவ்வொரு பள்ளத்திலும் என் தோள் கதவில் மோதியது.

"நோகுதா?"

"இல்ல மாமா."

இறங்கி, ஷொக்கின் தலையிலிருந்த திருகுகளை குலுக்கல் குறைய இரண்டு இரண்டு கிளிக் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சமும் நோகவில்லை என்றேன். நோகிறது என்றால் அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவார் என்று எனக்குத் தெரியும். மாமா கண்ணாடியில் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப இதே இருக்கட்டும்" என்றபோது அவர் முகமும் என் முகத்தைப் போலவே மலர்ந்திருந்தது.

மாமாவின் மனைவிக்கு முதுகெலும்பில் வருத்தம். கொழும்புக்குப் போய்க் கரண்ட் பிடிக்கவேண்டும், அதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமியைப் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க படுத்துப் பாத்தீங்களாமே, நோகல்லயாமே. அப்ப எனக்கும் நோகாது, என்ன?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம் மாமி" என்றேன்.

பின்னேரம் அசருக்குத் திரும்பி வந்தார்கள். மாமியால் தானாக இறங்க முடியவில்லை. மாமாவும் உம்மாவும் தூக்கி இறக்கினார்கள். கடித்துக் கடித்து மாமியின் கீழுதடு வெடித்திருந்தது. "ரோட்டுதான் சரியில்ல" என்றார் மாமி. மாமா சட்டைகூட மாற்றாமல் ஜாக்கை எடுத்தார். பொழுதுபட்டு மஃரிபுக்குள் மெத்தென்ற ஸ்பிரிங் ஏறிவிட்டது.

"அப்ப போட்டி?" என்று கத்தினேன்.

"போட்டி கிடக்கட்டும் மகள்" என்றார், காருக்கு அடியில் கிடந்தபடியே. அதன் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமி எனக்குத் தலை வாரக் கூப்பிட்டார். படுத்தபடியே வாரினார். என் சட்டைக் கை விலகியபோது, தோளிலிருந்து முழங்கை வரை கன்றி, மஞ்சளித்துப்போன இடங்களைக் கண்டார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"மாமாக்குக் காட்டிடாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

மெத்தென்ற ஸ்பிரிங்கில் மாமி இன்னும் நாலு தரம் கொழும்புக்குப் போய்வந்தார். நோன்பு மாதத்துக்கு முன்னமே மௌத்தாகி, எங்களைவிட்டுப் போனார். போட்டிக்கு மாமா போகவில்லை.

மாமி தலை வாரிய அன்று, ஏச்சுக்குத் தப்பிவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். மாமி என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று பல வருடம் நம்பியிருந்தேன். நோகவில்லை என்ற என் பொய்யை நம்ப ஆசைப்பட்ட இன்னொருவரும் அந்தக் காரில் இருந்தார் என்பதும், மாமி காப்பாற்றப் பார்த்தது அந்த மாமாவைத்தான் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.