வட்டிலப்பத்துக்குள் ஒளிந்திருந்த பால்

போன ஞாயிற்றுக்கிழமை, பட்டுச்சேலையோடு திருவலையில் ஏறி உட்கார்ந்து தேங்காய் திருவினேன். அதுவும் கல்யாண வீட்டில்! எல்லாம் என் வாயால் வந்த வினை.

பக்கத்து வீட்டு ரிஸ்வானாவின் தங்கைக்குக் கரைத்தீவில் கல்யாணம். சண்டைக்குள் வன்னியிலிருந்து ஓடிவந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட எங்களுக்கு அவள் வீடும் சொந்த வீடுதான். அவளுடைய மகள் அம்னாவுக்கு ஒன்பது வயது. பால் ஒத்துக்கொள்ளாது. சும்மா வயிற்றுக் கரைச்சல் இல்லை... ஒருமுறை அரை பிஸ்கட்டுக்கே உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அம்னாவுக்கு ஒரே ஆசை — சாச்சியின் கல்யாணத்திலாவது மற்றப் பிள்ளைகளோடு சஹனில் உட்கார வேண்டும். சஹன் தெரியுந்தானே? ஒரே பெரிய தட்டு, சுற்றிவர ஆறு பேர். அதில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சாப்பாடு எப்படி வைப்பது? இதுவரை எல்லா விசேஷத்திலும் அவள் ஒரு மூலையில், உம்மா கட்டிக் கொண்டுவந்த டப்பாவோடு.

இந்த முறை சமையல்கார ஹனீபா நானா வாக்குக் கொடுத்தார். "ஒரு சஹன நெய்யும் தயிரும் இல்லாம, தேங்காயெண்ணெய்ல தனியா ஆக்கித் தாறன் தங்கச்சி."

கடைசியில் வரும் இனிப்பு, வட்டிலப்பம்? அதற்கு நான் உத்தரவாதம் கொடுத்தேன். "முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால். மாட்டுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்? பிள்ளை சாப்பிடட்டும்!"

ரிஸ்வானா என் பேச்சை எடுத்தால்தானே! நேரே சமையல் கொட்டிலுக்குப் போனாள். "நானா, தேங்காய்ப்பால் எதுல எடுத்தீங்க?"

அவர் ஒரு பக்கெட் உறையை நீட்டினார். தேங்காய்ப்பால் பவுடர்! சுற்றிவரத் தென்னந்தோட்டம்... இங்கே பவுடர்!

பின்பக்கத்தில் எறும்பு எழுத்து. அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றது. சோடியம் கேசினேட்.

"அக்கா, இது மாட்டுப்பால்."

எனக்கு ஏறவில்லை. ஒன்பது வருடமாகப் பக்கெட் வாசித்தே படித்தவள் பாடம் எடுத்தாள். பால் திரைந்தால் கட்டியாகிறதே, அந்தக் கட்டியில் இருப்பது கேசின். பிரிந்து நிற்கும் தண்ணீரில் இருப்பது வே — ஜிம்முக்குப் போகிறவர்கள் டின் டின்னாக வாங்கிக் கரைத்துக் குடிப்பது. இரண்டும் பால் புரதம்தான். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்க, கேசினை இப்படிப் பவுடர்களுக்குள் கலப்பார்களாம்.

"அவிச்சால் போயிடாதா?" என்றேன்.

"சூட்டுக்கெல்லாம் கேசின் போகாது அக்கா."

நான் சொன்னபடி ஒரு கரண்டி கொடுத்திருந்தால்?

ஹனீபா நானா தலையில் கை வைத்தார். "எனக்குத் தெரியாதே தங்கச்சி! தென்ன மரத்துக்குக் கீழ நின்டுட்டு பக்கெட்ட ஒடச்சனே, மொகத்த எங்க கொண்டு வைக்கிற?" உடனே மூன்று தேங்காய் உடைத்தார். புதுச் சட்டி கழுவினார். அவருடைய ஆட்களோ சஹன் அடுக்கும் அவசரத்தில். திருவ ஆள்? வாய் கொடுத்தவள்தான்!

பாசத்தால் ஊட்டுகிறோம் என்று கிளம்புகிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை — முதலில் பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

நெய்ச்சோற்றுக்கு அடிபடுகிற ஐந்து மச்சிமார், நெய் இல்லாத அந்தச் சஹனைச் சுற்றி முணுமுணுப்பில்லாமல் உட்கார்ந்தார்கள். ஆறாவதாக அம்னா. ஒருத்தி கோழித் துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். வட்டிலப்பம் ஆறவே இல்லை, சுடச்சுடத்தான் வந்தது. அம்னா விரலை விரலை நக்கினாள். நான் அழுதேன், மறைப்பானேன்!

ரிஸ்வானா மகளின் உதட்டையே பார்த்தபடி பின்னால் நின்றாள். பத்து நிமிடம்... அரை மணி நேரம்... ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கை கழுவ எழுந்து ஓடினார்கள்.

இத்தனை வருடத்தில் எந்தக் கல்யாணத்திலும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்க்காத ரிஸ்வானா, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க அக்கா, எனக்குப் பசிக்குது."