தலைமை தாங்க ஆள் வரும் வரை

எங்கள் கணித வாத்தியார் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றதும், பழைய மாணவர்கள் பாராட்டுக் கூட்டம் நடத்தத் தீர்மானித்தோம். யாழ்ப்பாணக் கச்சேரியில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து நடைமுறை அத்தனையும் கற்றவன் என்பதால் நானே காரியதரிசி. மலாயாவில் பெரிய பதவி வகித்த பழைய மாணவர்தான் தலைமை தாங்கவேண்டும் என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, அவருடைய லீவுக்காக இரண்டு வருடம் காத்திருந்தோம். அதற்குள் வாத்தியாருக்குக் காது முற்றாகக் கேட்காமற் போயிற்று.

கூட்டம் குறைவின்றி நடந்தது. எல்லாரும் புகழ்ந்தோம், அவர் எங்கள் வாய்களைப் பார்த்துப் புன்னகைத்தார். முடிவில் என் கையைப் பிடித்து, "எல்லாரும் நல்லாய்த்தான் கதைச்சிருப்பியள், தம்பி. எங்கடை றோட்டாலை தினமும் போறனீ. காது கேட்ட காலத்திலை வீட்டு வாசல் படலையிலை நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்றார்.

இப்போது எவரையாவது மெச்ச நினைத்தால், வழியில் மறித்தே சொல்லிவிடுகிறேன். வாத்தியார் காதில் விழவேண்டியது மட்டும் விழவில்லை.