நெஞ்சுல என்ன பண்ணுது?

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன். வேலூரில் இந்தப் படிப்பைப் படித்தபோது, மெஷினோடு இணைந்த ஆறு ரப்பர் கப்பை மார்பில் எங்கெங்கே ஒட்ட வைக்க வேண்டும் என்று காட்டித் தருவதற்காகக் கட்டிலில் படுத்தது எப்போதும் எங்கள் வகுப்புப் பையன்களில் ஒருவன்தான். பெண்கள் யாரும் படுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சுவரில் மாட்டியிருந்த படத்திலும் ஆண்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல கனமான ஒரு அம்மா வந்து படுத்தார். நாலாவது கப்பை மார்பகத்துக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் படிப்பு சரியாக ஏறவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒரு தம்பதி வந்தார்கள். இருவரும் பட்டு நெசவு. கணவருக்கு அதற்கு முந்தைய வருஷம் மாரடைப்பு வந்து, வேலூரில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாதாமாதம் எங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போவார். கூடவே அவர் மனைவியும் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும்.

அன்றைக்குக் கணவரைப் பார்த்து முடித்ததும் அந்த அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “எனக்கும் ரெண்டு நாளா அசதியா கீது சார். முதுகுல நடுவாண்ட புடிச்சிகினு கீது.”

“நெஞ்சு வலிக்குதாம்மா?” என்றார் டாக்டர்.

“இல்ல சார்.”

“தறியில குனிஞ்சிகினே இருந்தா முதுகு பிடிக்கத்தான் செய்யும்” என்று சொல்லி மாத்திரை எழுதினார். நல்ல மனிதர், அவசரப்படுகிறவர் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், பதிலும் வந்தது.

கணவருக்கு ஈசிஜி எடுத்து முடித்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். திரையோரம் நின்ற அந்த அக்காவின் மேலுதட்டில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. வெளியே மழை. ஃபேன்கூடத் தேவைப்படாத குளிர்.

“அக்கா, நெஞ்சுல என்ன பண்ணுது?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

“பாரமா கீதும்மா. யாரோ ஏறி உக்காந்துகினு எறங்கமாட்டேன்றா மாதிரி.”

“சார்கிட்ட சொல்லலையா?”

“அவரு வலிக்குதான்னு கேட்டாரு. வலிக்கலயே. பாரமாத்தான கீது. டாக்டராண்ட பொய் சொல்ல முடியுமா?”

நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “உடனே ஈசிஜி எடு” என்றார். எடுத்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. கணவர், “வீட்டுக்குப் போலாங்களா?” என்றார். டாக்டர் விடவில்லை. அரை மணி நேரம் படுக்க வைத்து மறுபடி எடுக்கச் சொன்னார். அந்தத் தாள் மெஷினிலிருந்து வெளியே வரும்போதே வித்தியாசம் தெரிந்தது. மேலே எழும்ப வேண்டிய அலைகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இதயத் தசை அடிபட்டிருப்பது உறுதியானது. மாத்திரைகளை மென்று விழுங்கச் சொல்லிக் கொடுத்து, 108 ஆம்புலன்ஸை வரவழைத்து வேலூருக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறும்போதும் அந்த அக்கா கணவரைப் பார்த்து, “மத்தியான மாத்திரய மறந்துடாத” என்றார்.

நாலாம் நாள் கணவர் சிரித்த முகத்தோடு வந்தார். “ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆஞ்சியோல பெரிய அடைப்பே கிடையாதாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடைப்பே இல்லையென்றால் அந்த அலைகள் எப்படிக் கவிழ்ந்தன? அவர் போனபிறகு டாக்டரிடம் கேட்டேன். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சொன்னபடி அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார்.

“பெரிய குழாய்ல அடைப்பு இல்ல. அதுலேர்ந்து பிரியுற முடி மாதிரி குழாய்ங்க சரியா விரியாம இருக்கலாம். ஆஞ்சியோவுல அதுங்க தெரியாது. பெண்களுக்கு இது அதிகமாப் பார்க்கறாங்களாம்.”

“அப்ப உங்க புத்தகத்துல இது இல்லையா சார்?”

“ஓரமா ரெண்டு வரி இருந்திருக்கும். நாங்க படிச்ச ஆராய்ச்சி எல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்கள வெச்சுப் பண்ணதுதான்.”

“ஏன்?”

“கர்ப்பம் வரும், மாதவிடாய் இருக்கும், கணக்கு குழம்பும்னு விட்டிருக்காங்க. பெண்களக் கூப்பிட்டாலும் வரமாட்டாங்கன்னு ஒரு நினைப்பு.”

“கூப்பிட்டுப் பார்த்தாங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “தெரியலையே” என்றார்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டேன். ஈசிஜிக்கு வரும் பெண்களிடம் இதைத்தான் கேட்பேன்: நெஞ்சுல என்ன பண்ணுது? பெயர் கிடையாது, வயதும் அவர்கள் சொன்ன வார்த்தையும் மட்டும். அடைக்குது. கரிக்குது. எரியுது. பிசையுது. இழுத்துப் புடிக்குது. படபடன்னு கீது. மூச்சு பத்தல. சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, “ஈரத்துணிய முறுக்கறா மாதிரி” என்று கையால் முறுக்கியே காட்டினார். களம்பூர் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் இன்னொருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் போய்விட்டுத்தான் இங்கே வந்ததாகச் சொன்னார்.

பெண்களுக்கு நெஞ்சில் ஒன்றும் தெரியாமலே மாரடைப்பு வந்துவிடும் என்று எங்கேயோ படித்து, அதைத்தான் எதிர்பார்த்து எழுத ஆரம்பித்தேன். நோட்டு நிரம்ப நிரம்ப எனக்கே குழப்பம் வந்தது. கடைசியில் இதயக் கோளாறு என்று ஆனவர்களில் பெரும்பாலானோருக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. வலிக்குதா என்று டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான். முதுகையும் கையையும் அசதியையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாகவோ நாலாவதாகவோ அது வரும். வலி என்றால் ஊசி குத்துவது போல, வெட்டுவது போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆண் டாக்டர் முன்னால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதில் வேறு கூச்சம். சில ஆண்களிடமும் கேட்டேன். அவர்களிலும் இரண்டு பேர் “பாரம்” என்றார்கள். ஆக, இது எவ்வளவு தூரம் உடம்பின் வித்தியாசம், எவ்வளவு தூரம் பேச்சின் வித்தியாசம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். முழுவதையும் படித்தார். இப்போது அவரும் “என்ன பண்ணுது?” என்றே கேட்கிறார்.

போன தை மாதம் வேலூரிலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்தாள். இதயநோய் வந்த பெண்கள் வேண்டும், அரை நாள் ஒதுக்க வேண்டும் என்றாள். டாக்டர் என்னைக் கைகாட்டினார். ஆஸ்பத்திரி ஃபைல்களில் இருந்த நம்பர்களுக்கு நான் போன் போட்டுப் பார்த்தேன். ஒருவர் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒருவருக்கு அவர் ஊரிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் தோது இல்லை. ஒன்பது பேரில் நாலு பேர் வந்தார்கள். அதில் அந்த நெசவாளி அக்காவும் ஒருவர். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, இப்போது காலையில் மட்டும் தறியில் உட்காருகிறார். மேடு ஏறினால் பாரம் திரும்ப வருகிறதாம், நின்றால் போய்விடுகிறதாம்.

கேள்விகள் ஒரு மணி நேரம் நீண்டன. அக்கா எல்லாவற்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். முடிந்ததும், “நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார்.

“கேளுங்கம்மா.”

“எங்க வூட்டுக்காரருக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே வியாதியா, வேற வேறயா?”

அந்தப் பெண் பேனாவை மூடினாள். “அதத்தாம்மா தெரிஞ்சிக்கப் பாக்குறோம்.”

“தெரிஞ்சா எனக்கு ஒரு போன் பண்ணுமா” என்று சொல்லி, பேனாவைத் திறக்கச் சொல்லித் தன் நம்பரை எழுதவைத்தார். எழுதியதைத் திருப்பி ஒருமுறை படிக்கவும் சொன்னார்.

மாதாமாதம் வரும்போது, “அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?” என்று என்னைக் கேட்கிறார். இன்னும் இல்லைக்கா என்கிறேன். பக்கத்திலேயே அவர் கணவர், இந்தத் தடவை யாருக்கு முதலில் ஈசிஜி என்று கேட்டபடி நிற்கிறார்.