கன்னியப்பன் அடித்துவிடச் சொன்ன சொல்

எலிக்கூண்டுகள் நாறிக்கிடக்கின்றன, கன்னியப்பனைக் காணோமே என்று அன்று காலையில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய மைத்துனர் வாசலில் வந்து நின்றார். "கன்னியப்பன் மாமா செத்துப் பூட்டாரும்மா." செத்துப்போன மனிதரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னமும் அது என்னை உறுத்துகிறது.

ராயபுரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கூண்டைத் திறக்கும் முன், "இன்னாம்மா, துன்னியா?" என்று எலிகளை விசாரிக்கிற மனிதர். பத்து வருஷத்தில் ஒரு எலிகூட அவரைக் கடித்ததில்லை. என்னைக் கடிக்காத எலி இல்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம், சினையாக இருந்த வெள்ளெலிகளுக்கு ஆண் சுரப்புநீரை ஊசியில் ஏற்றிப் பார்த்தேன். பிறந்த பெண் குட்டிகளின் உடல் பாதி ஆணைப்போல இருந்தது. 'குறைப்பிறவி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினேன். கன்னியப்பன் ஒரு குட்டியைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார்.

"இது தாய் செஞ்ச பாவமாம்மா?"

"பாவமாவது! ஊசி போட்டது நான். தாய் என்ன செய்யும்?"

"என் கொயந்தயும் இப்டித்தாம்மா கீது."

விவரம் கேட்டேன். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. கர்ப்பிணியாகக் கிரகணத்தன்று வெளியே போனதால் வந்த வினை என்று அவர் வீட்டார் பழி சொல்லி, மனைவி முனியம்மாவைக் குழந்தையோடு எண்ணூரில் தாய்வீட்டுக்கு விரட்டியிருந்தார்கள். இவரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார். ஊசி போடாமலே சில சிசுக்களுக்குக் கருவிலேயே அந்தச் சுரப்பு மிகுந்துவிடும், யார்மேலும் தப்பில்லை என்றேன். அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குறைன்னு எயுதாதம்மா. நல்லா துன்னுது, நல்லா ஓடுது. அந்தச் சொல்ல அடிச்சிடு" என்றார்.

"போய் வேலையைப் பார், கன்னியப்பா" என்று சிடுசிடுத்தேன்.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு எண்ணூருக்குப் போனார். மனைவியையும் குழந்தையையும் திருவொற்றியூர் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு அவர்களைப் பிரிந்து ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் செத்த செய்தி கேட்டு நானும் திருவொற்றியூருக்குப் போயிருந்தேன். சவம் எடுக்கிற நேரத்தில் கொள்ளிச்சட்டி தூக்குவது யார் என்று சச்சரவு எழுந்தது. "அது ஆம்பளயா பொம்பளயான்னே தெரிலியே, அது எப்டி தூக்கும்?" என்று உறவுக்காரர் ஒருவர் இழுத்தார். அழுதுகொண்டிருந்த முனியம்மா எழுந்து வந்தாள்.

"அவரு புள்ள தூக்கும். நவுரு."

அந்தப் பிள்ளை சட்டியை ஏந்திக்கொண்டு நிமிர்ந்து முன்னால் நடந்தது.

மறுநாள் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து, அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்தேன். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு கோடுதான். அவர் கண்ணெதிரே அடித்திருக்கலாம், பாவி நான்.