முதல் வரிசைக்குப் போனவன்

குழி வெட்டுகிறவருக்கு ஊரார் வைத்த பேர் ஆறடி. வெட்டுகிற ஆழத்தைப் பார்த்து வைத்த பேர். ஆளைப் பார்த்து வைத்திருந்தால் ஐந்தடிகூடத் தேறியிருக்காது. பாதிக் குழிக்குக் கீழே இறங்கிவிட்டால் அவர் யார் கண்ணிலும் படமாட்டார். மண் மட்டும் தானாக எழும்பி வெளியே விழுந்துகொண்டிருக்கும். இறந்தவரின் சொந்தக்காரர்கள் சீக்கிரமே வந்து அதைப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கியதெல்லாம் உண்டு. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "இன்னும் அரை மணி நேரம் ஆகும். அவரை அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க."

அதற்கு முன்னால் அவர் ரோட்டோரம் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் பள்ளம் சரிந்து பக்கத்தில் நின்ற கூட்டாளி உள்ளேயே போய்விட்டான். மறுவாரமே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். "உயிரோட இருக்கிறவன் உள்ள போற வேலையை விட, செத்தவன் உள்ள போற வேலை பத்திரம்" என்பார்.

தோட்டத்தில் மொத்தம் ஒன்பது வரிசை. வாசலை ஒட்டிய முதல் இரண்டு வரிசையும் பெருமக்களுக்கு. ஒரு மேயர், ஒரு நீதிபதி, கண் டாக்டர், கப்பல் கேப்டன், மூன்று ஆயர்கள். பளிங்குக் கல், இறக்கை வைத்த தேவதூதர்கள். அவர்களை யாரும் அசைக்க முடியாது. மூன்றாவது வரிசையில் பாதி அப்படி, பாதி இப்படி. அதற்குப் பின்னால் படுத்திருக்கும் சாதாரண சனத்துக்குப் பன்னிரண்டு வருடம்தான் கணக்கு. முடிந்ததும் குழியைத் திறந்து, எலும்புகளை அள்ளி, ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பறையில் கொட்டிவிட்டு, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அள்ளுகிறவரும் ஆறடிதான்.

வந்த மூன்றாம் நாளே அவர் ஒரு பெரிய தப்பைச் செய்தார். வேலையை விட்டுப் போகிற பழைய குழிவெட்டி, "மூணாவது வரிசை, வலது பக்கம் ஏழாவது. கெடு முடிஞ்சிருச்சு, எடுத்துரு" என்று சொல்லியிருந்தார். கல்லறையில் வலது இடது என்பதெல்லாம் படுத்திருப்பவரின் வலது இடது. அது அந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. குழாய்க்குப் பள்ளம் தோண்டி வந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தன் வலது கைப்பக்கம் எண்ணி ஏழாவதைத் திறந்தார். கல் எதுவும் இல்லை, மரச்சிலுவைகூட மக்கி விழுந்திருந்தது. எலும்பை அள்ளி எலும்பறையில் கொட்டினார். கூடவே ஒரு சாமான் கிடைத்தது. இரும்பில் இரண்டு கால், கீழே ஒரு காம்பு. தட்டினால் ரீங்காரம் போட்டது.

நான்கு நாள் கழித்துக் கட்டிலை எடுத்துப்போக வந்த பழைய குழிவெட்டி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அடப்பாவி! இது சுருதி பிடிக்கிற இசைக்கவைடா. அவரு ஆர்கன்காரர்டா. நாம கோயில்ல பாடுற பாட்டுல பாதி அவரு போட்டதுடா! கல்லு வரும் கல்லு வரும்னு சொல்லிச் சொல்லியே வராமப் போச்சு."

"இப்ப என்ன பண்றது? திருப்பி வச்சிரட்டுமா?"

"எதை வைப்ப? அங்க ஐந்நூறு மண்டை கிடக்கு. பாடச் சொல்லிக் கேட்டா எடுப்ப? வாயை மூடிக்கிட்டு இரு."

ஆறடி வாயை மூடிக்கொண்டார். இருபத்து மூன்று வருடம் மூடியே வைத்திருந்தார்.

அவருக்கு ஒரே மகன். வாசலை ஒட்டிய காவல் அறையில் பிறந்து, கல்லறைகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து வளர்ந்தவன். பொம்மை வாங்கிக் கொடுத்தாலும் தொடமாட்டான், அந்த இசைக்கவைதான் வேண்டும். முழங்காலில் ஒரு தட்டு தட்டி, காம்பைக் கல்லறைக் கல்லில் ஊன்றுவான். கல் முழுக்க ரீங்காரம் ஏறும். துக்கத்துக்கு வந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொல்லுவான். "நீதிபதி பேசுறாரு, கேளு. உனக்கு ஆயுள் தண்டனையாம்." பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும். தாய்மார் வந்து சண்டை போடுவார்கள். அவனுடைய அம்மா ஒரு கையால் அவன் காதைத் திருகி, மறு கையால் தன் சிரிப்பை மறைத்துக்கொள்வாள்.

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். ஒன்பதாம் வரிசையில் சுவரோரம் இடம் கொடுத்தார்கள். குழியை அப்பாவே வெட்டினார். வேறு யாரையும் கிட்டேயே விடவில்லை. இசைக்கவையைப் பையனின் சட்டைப் பையில் வைத்து மூடினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி அங்கே போய் நிற்பாள். முதல் வருடமே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பன்னெண்டு வருஷம் ஆனதும் இவனையும் எடுத்துருவீங்களா?"

"எடுக்கிறவன் யாரு? நான்தானே. நான் எடுக்கலேன்னா யாரு எடுப்பா?"

அவள் அதை நம்பினாள். அவரும் நம்பினார். பதினோரு வருடம் போனது தெரியவில்லை. பன்னிரண்டாவது வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார், மழைக்கு முன்னால் ஒன்பதாம் வரிசையைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார். ஆறடி மாட்டேன் என்றால் கூலிக்கு இரண்டு பேர் வருவார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் சரித்திர வாத்தியார். ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க மாட்டாமல், 'இங்கே துயிலும் பெருமக்கள்' என்று வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. கல்லில் எழுத்து தேய்ந்துவிட்டது. மிச்சம் இருந்த பதிவேடு ஆறடி ஒருவர்தான்.

"இது யாரு?"

"நீதிபதி சார். மழை வந்தா இவர்கிட்டதான் தண்ணி தேங்கும். நல்லா விசாரிச்சிட்டுதான் விடுவாரு."

"இது?"

"கேப்டன். இவரு மட்டும் கொஞ்சம் சாய்வா இருக்காரு, பாருங்க. பழக்கதோஷம்."

வாத்தியார் சிரிக்காமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்.

"முக்கியமான ஆளை மட்டும் காணோம்ப்பா. ஆர்கன்காரர். அவரை எங்க வச்சிருக்கீங்க? கோயிலோட பழைய பங்கு மலர்ல படிச்சேன். அவரோட இசைக்கவையையும் கூடவே வச்சுப் புதைச்சாங்களாம்."

எலும்பறைப் பக்கம் போன ஆறடியின் கண் திரும்பிச் சுவரோரம் போனது. பெருமக்களை யாரும் அசைக்க முடியாது. அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடியது.

"ஒன்பதாம் வரிசை சார். சுவர்ப்பக்கம் கடைசி."

"பெரிய மனுஷரை அங்கயா போட்டாங்க?"

"அப்ப அவரு பெரிய மனுஷர் இல்ல சார். செத்ததுக்கு அப்புறம்தானே ஆனாரு."

வாத்தியாருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போய் அதையும் எழுதிக்கொண்டார். அவர் போனதும் ஆறடி சுவரோரம் நடந்தார். மகன் தலைமாட்டில் குத்தியிருந்த எண் போட்ட தகரத் தகட்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆயர்கிட்ட பேசிட்டேன். ஆர்கன்காரரை அந்த மூலையில விடக்கூடாதுன்னுட்டாரு. சுவரையும் இடிச்சுக் கட்டப்போறோம், அஸ்திவாரம் தோண்ட எந்திரம் வருது. அதுக்கு முன்னாடி அவரை எடுத்து முதல் வரிசையில வச்சிடலாம். ஆயரே வந்து மந்திரிக்கிறாரு. நீ எலும்பைப் பக்குவமா எடுத்துப் பெட்டியில வச்சிரு. இசைக்கவை பத்திரம். வாத்தியார் அதைப் பார்க்கத் துடிச்சிக்கிட்டிருக்காரு."

"தூங்குறவரைத் தொந்தரவு பண்ணணுமா சாமி?"

"இது தொந்தரவு இல்லப்பா, கௌரவம்."

ஆறடி அறைக்கு வந்து அடுப்பெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வலது இடது குழப்பத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், இந்த அறையும் போகும், எந்திரம் எப்படியும் வரும். அவள் அடுப்பை அணைத்தாள்.

"எடுக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எந்திரத்தோட பல்லு படுறதுக்கு நம்ம கையே படட்டும். நானும் வர்றேன்."

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வாசலைப் பூட்டி வைப்பது வழக்கம். ஆயர் வருகிற அன்று அந்த வெயிலில் ஒரு காக்காய்கூட இல்லை. ஆறடி இறங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக, வந்து சேரக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வெட்டினார். ஆறடி ஆழம் போயும் வெறும் மண்தான். மேலே நின்ற மனைவி பதறிவிட்டாள்.

"பிள்ளை எங்கய்யா?"

"இன்னும் ஓர் அடி இருக்கு. இவனுக்கு மட்டும் ஏழடி வெட்டினேன்."

"எதுக்கு?"

"எவன் கையும் எட்டக்கூடாதுன்னு."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். பலகை மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. பையன் இருந்தான். முன்பல் ஒன்று பாதி முளைத்து அப்படியே நின்றிருந்தது. அவள் அதை விரல் நுனியால் தொட்டாள். "இந்தப் பல்லு முளைக்கலேன்னு எத்தனை அழுகை அழுதான்" என்றாள். கொண்டுவந்திருந்த அவனுடைய பழைய சட்டையை விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். சின்னச் சின்ன விரல் எலும்புகளை எண்ணிப் பார்த்தாள். இரண்டு குறைந்தது. மண்ணைச் சல்லடையில் சலித்துத் தேடி எடுத்தார்கள்.

சட்டை மூட்டையைப் புதுப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்தார்கள். பெட்டியைத் திறந்தால் பெரிய ஆள் ஒருவர் தெரிய வேண்டுமே. ஆறடி எலும்பறைக்கு ஓடி, ஒரு மண்டையும் கைக்கு வந்த நீளமான எலும்புகளும் அள்ளி வந்து துணிமேல் பரப்பினார். நெஞ்செலும்புமேல் இசைக்கவை. எழுந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, தொடையெலும்பு இரண்டுமே இடது கால். மாற்றப் போகலாமென்று திரும்பினார். மணி மூன்று, சாமியார் வாசலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆயர் வந்தார், பாடற்குழு வந்தது. பெட்டியைத் திறந்து காட்டினார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். "ரொம்ப உயரமான ஆளா இருந்திருக்கணும்" என்று வாத்தியார் கண் கலங்கினார். இரண்டு இடது காலோடு அந்த மனிதர் வாழ்நாளில் செருப்புக் கடைக்காரனோடு என்ன பாடுபட்டாரோ, அதை யாரும் யோசிக்கவில்லை. மண்டை யாருடையது என்று கடவுளே கொஞ்சம் தேடித்தான் சொல்ல வேண்டும். ஜேப்படிக்காரனாகக்கூட இருக்கலாம். அவனுக்கு எதிரே நாற்பது பேர் நின்று நாலு குரலில் பாடினார்கள்.

ஆறடி எதிர்பார்க்காத ஒன்று மூடும் நேரத்தில் நடந்தது. வாத்தியார் குனிந்து இசைக்கவையை எடுத்துவிட்டார்.

"இது மண்ணுக்குள்ள போகக்கூடாது ஃபாதர். கோயில்ல கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். பாடற்குழு உபயோகிக்கட்டும்."

ஆறடி கை நீட்டினார். "சார், அது அவனோட..." என்று வந்ததை விழுங்கி, "அவரோடது சார், அவர்கிட்டயே இருக்கட்டுமே" என்றார்.

"உனக்கு இதோட மதிப்புத் தெரியாதுப்பா."

பெட்டி இறங்கியது. மண் தள்ளினார். மகனை இரண்டாவது தடவையாக மூடினார், இந்தத் தடவை கைதட்டலோடு. பளிங்குக் கல் வந்தது. அதில் ஆர்கன்காரர் பேர், பிறப்பு, இறப்பு, பாட்டில் ஒரு வரி. எண் போட்ட தகரத் தகட்டை ஆறடி கல்லுக்கு அடியில், யாருக்கும் தெரியாத பக்கம், செருகிவிட்டார்.

சுவர் எழும்பிவிட்டது. மனைவி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வரிசையில் வந்து நிற்கிறாள். பாடற்குழுத் தலைவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் பூசை முடிந்த கையோடு பக்கத்தில் வந்தார்.

"அம்மா, உங்களுக்கு அவரோட பாட்டுன்னா அவ்வளவு பிடிக்குமா?"

"பாட்டெல்லாம் சுமார்தான்" என்றாள் அவள். "சத்தம்தான் ஜாஸ்தி."

தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஒரு ரசிகை கிடைத்த சந்தோஷம். "இதைப் பார்த்திருக்கீங்களா? அவரோடதே" என்று பையிலிருந்து இசைக்கவையை எடுத்து உள்ளங்கையில் தட்டினார்.

"அப்படி இல்ல" என்றாள். "முழங்கால்ல தட்டணும். தட்டிட்டு, காம்பைக் கல்லு மேல வைக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே முழங்காலில் தட்டிக் கல்மேல் ஊன்றினார். கல் முழுக்க ரீங்காரம் ஏறியது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு குழியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த மண் நின்றுபோனது. ரீங்காரம் அடங்கி, அவள் நிமிர்ந்து, தலைவர் நன்றி சொல்லிப் போய், அதற்கு அப்புறமும் சற்று நேரம் ஒன்றும் வெளியே விழவில்லை. பிறகு ஒரு மண்வெட்டி மண் வந்து விழுந்தது, அப்புறம் இன்னொன்று. நான்கு மணிக்கு ஆள் வரப்போகிறார், குழி இன்னும் பாதிகூட ஆகவில்லை.