எரியாத மஞ்சள் விளக்கு

மாமியாரைக் கிளிநொச்சிக்குக் கிளினிக் கூட்டிப்போக ஒரு பழைய கார் தேடினோம். கணவரின் நண்பர் ஒருவர், "கொஞ்ச நாள் ஓடிப் பாருங்கோ, பிடிச்சா எடுங்கோ" என்று தன் காரை உடையார்கட்டில் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார்.

எஞ்சின் கோளாறு காட்டும் சிறு கருவியைக் காரில் பொருத்தினோம். போனில் பிழைக் குறியீடு ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தீரோ, சுத்தமான கார்" என்றார் கணவர்.

இவ்வளவு பழைய காரில் ஒன்றுமே இல்லையென்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் செய்யும்வரை எரியவேண்டிய மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

"பல்ப் போயிருக்கும். உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

"அப்ப வற்றாப்பளைக்குப் போட்டு வந்து திரும்பப் பாப்பம்."

வற்றாப்பளைக் கோயிலுக்கு அந்தக் காரிலேயே போய்வந்து, முற்றத்தில் கருவியை மறுபடி பொருத்தினேன். மூன்று குறியீடுகள் வந்தன. எஞ்சினின் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை என்றது அதில் ஒன்று. கணவர் டாஷ்போர்டைக் கழற்றினார். அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

நண்பரை வரச்சொன்னோம். "முந்தி வைச்சிருந்த ஆள் ஒட்டினதாக்கும்" என்றார்.

"அப்ப, ஓடினாத் திரும்பி வாற குறியீடுகளை அழிச்சுப்போட்டுத் தந்தது ஆர்?" என்று கணவர் கேட்டார். நண்பர் சாவியை வாங்கிக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். கருவி ஒன்றுமில்லை என்று காட்டினால் கணவரே கேட்கிறார்: "ஒருக்கா ஓடிப்போட்டு வந்து பாப்பமே?"